ஐயத்தின் விலை

1

ஓர் உயிரைக் கொல்லாமல் அதன் பெயரை நிச்சயமாகச் சொல்ல முடியுமா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஓசூரில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடிச் சுவரில், குழல்விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு பூச்சியிலிருந்து வந்தது. பூச்சியின் நீளம் ஆறு மில்லிமீட்டர். இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருபத்தெட்டு வருஷம் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பகுதியில் வேலை பார்த்தவன் நான். அளக்காமல் ஒன்றைப் பார்க்கும் பழக்கம் என் கண்ணைவிட்டுப் போய்விட்டது.

வீட்டுக்கு ஒரு பக்கம் தொழிற்பேட்டையின் விளக்குகள். இன்னொரு பக்கம் ஒரு தெரு தள்ளித் தக்காளித் தோட்டம். இந்த ஊரின் ஓரங்களில் இது விசேஷமில்லை. லேத் பட்டறையின் சுவரை ஒட்டி முட்டைக்கோஸ் விளைகிறது. ரோஜாவுக்குப் போட்ட பாலித்தீன் கொட்டகைக்கு அடுத்த மனையில் இரும்பு உருக்குகிறார்கள். ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். லாரிக்குச் சோதனைச்சாவடி இருந்த எல்லை அது. பூச்சிக்கு எப்போதும் எல்லையாக இருந்ததில்லை. மூன்றாவது ஷிப்டுக்குப் போகும் காலத்திலிருந்தே, விளக்குக்கு வரும் பூச்சிகளைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. ஓய்வுபெற்ற பின் அதற்கு ஒரு கைலென்ஸும் நோட்டுப்புத்தகமும் சேர்ந்துகொண்டன.

அந்த இரவு லென்ஸில் தெரிந்ததை எழுதி வைத்திருக்கிறேன். சாம்பலும் வெள்ளியுமான செதில்கள். முன்னிறக்கைகளில் ஒழுங்கில்லாத கறுப்புப் புள்ளிகள். மணி கோத்தாற்போன்ற உணர்கொம்புகள். முகத்துக்கு முன்னால் மேல்நோக்கி வளைந்த இரண்டு உதட்டுணரிகள். இத்தனையும் சேர்ந்து ஒரு குடும்பத்தைக் காட்டும். ஓர் இனத்தைக் காட்டாது. ஜெலிக்கிடே என்று பூச்சியியலில் வழங்கும் அந்தக் குடும்பத்தில் விவரிக்கப்பட்ட இனங்களே நாலாயிரத்துக்கு மேல். என் சுவரில் இருந்தது தக்காளியின் ஊசிப்புழு என்று உழவர்கள் அஞ்சத் தொடங்கியிருந்த டூட்டா அப்ஸலூட்டாவாக இருக்கலாம். பல காலமாக இங்கே இருக்கும் உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியாக இருக்கலாம். யாருடைய பயிரையும் தொடாத, யாரும் பொருட்படுத்தாத மூன்றாவது ஒன்றாகவும் இருக்கலாம். லென்ஸ் இதற்கு மேல் போகாது. மேலே போகவேண்டுமானால் பூச்சியின் வயிற்றுப் பகுதியைப் பிரித்தெடுத்து, பொட்டாஷ் கரைசலில் ஊறவைத்துச் சூடாக்கி, செதிலும் தசையும் கரைந்த பின் எஞ்சும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை நுண்நோக்கியில் பார்க்க வேண்டும். நிச்சயம் என்பது அங்கேதான் இருக்கிறது. உயிருள்ள பூச்சியிடம் அது இல்லை.

நான் அதைக் கண்ணாடித் தம்ளரால் மூடினேன். பிறகு திறந்து விட்டுவிட்டேன். அப்படிச் செய்ததை அன்று நல்ல காரியம் என்று நினைத்தேன். இந்தக் கட்டுரை அந்த நினைப்பைப் பற்றியது.

2

பெயரிடுதல் என்பதை நாம் ஏதோ தூய அறிவுச்செயல் போலப் பேசுகிறோம். நம் மொழியில் இந்தப் பூச்சிகளுக்கு உள்ள பெயர்களைப் பார்த்தாலே அந்தப் பேச்சு நிற்காது. அந்து என்பது முதலில் குதிரில் இருக்கும் நெல்லைத் துளைத்து வெளிவரும் பூச்சி. அந்த ஒன்றின் பெயரே நீண்டு, இரவில் பறக்கும் இந்த வகை முழுமைக்கும் அந்துப்பூச்சி என்றாகிவிட்டது. என் சுவரில் இருந்த பூச்சியும் நெல் அந்தும் ஒரே குடும்பம் என்பது பிற்பாடு தெரிந்தபோது, மொழி தற்செயலாகச் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறது என்று தோன்றியது. ஆனால் மொழி பார்த்தது குடும்பத்தை அல்ல, நஷ்டத்தை. விட்டில் என்று சொல்லும்போது நமக்குத் தெரிவதும் பூச்சி அல்ல. விளக்கில் விழும் அதன் சாவு. ஒன்று நம் அரிசியைத் தின்பது, இன்னொன்று நம் விளக்கில் சாவது. இரண்டு பெயரிலும் நாம்தான் இருக்கிறோம்.

இந்தப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். கன்னடத்தில் பதங்க என்பார்கள். வடமொழியில் அதற்குப் பறப்பது என்று பொருள். பறவைக்கும் பூச்சிக்கும் சூரியனுக்கும் அதே சொல் வழங்கியிருக்கிறது. விளக்கைத் தேடிப்போய்ச் சாகும் ஒன்றுக்கும் சூரியனுக்கும் ஒரே சொல் என்பதில் கவிகளுக்கு நிறைய வசதி இருந்திருக்கும். பூச்சி ஒளியைக் காதலிக்கிறது, ஆசையால் அழிகிறது என்று எத்தனை மதங்கள், எத்தனை மொழிகள் உபதேசம் செய்திருக்கின்றன.

அந்த உபதேசத்துக்கு ஆதாரம் போய்விட்டது. 2024இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, இருட்டில் பதிவுசெய்யும் அதிவேகக் காமிராக்களை வைத்து, விளக்கைச் சுற்றும் பூச்சிகளின் பறத்தலைக் கணம் கணமாகப் பிரித்துப் பார்த்தது. பூச்சி விளக்கை நோக்கிப் போவதில்லை. தன் முதுகை வெளிச்சத்துக்குக் காட்டுகிறது. இரவிலும் வானம் தரையைவிட வெளிச்சமானது. ஆகவே வெளிச்சம் இருக்கும் பக்கம் மேல் என்பது பூச்சியின் உடல் கோடிக்கணக்கான வருஷங்களாக நம்பி வந்த கணக்கு. அந்தக் கணக்கால்தான் அது தலைகீழாகாமல் பறக்கிறது. பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்தால் அது பக்கத்தையே மேல் என்று கொண்டு சாய்கிறது, சாய்ந்தபடி சுற்றுகிறது. விளக்குக்கு மேலே போனால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது. ஆசையும் இல்லை, தியாகமும் இல்லை. எது வானம் என்பதில் ஒரு தவறு, அவ்வளவுதான். அந்தத் தவறையும் அதற்குள் வைத்தவர்கள் நாம்.

இதைச் சொல்வதற்குக் காரணம், உபமானம் செய்வதும் ஒரு வகைப் பெயரிடுதல் என்பதுதான். அதுவும் பூச்சியைப் பார்ப்பதில்லை. கொல்லாமல் அறிவது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அறிவில் பெரும்பகுதி இந்த ரகம்.

3

டூட்டா அப்ஸலூட்டாவை முதலில் விவரித்தவர் எட்வர்ட் மெய்ரிக். 1917இல், பெரு நாட்டின் மலைநகரான வாங்காயோவிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு எழுதினார். இங்கிலாந்தில் மார்ல்பரோ பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த வாத்தியார் அவர். வாழ்நாளில் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றந்துகளுக்குப் பெயர் வைத்தார். நம் நாட்டுப் பூச்சிகளும் அவரிடம் நிறையப் போயின. தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1914இல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்ட பெயின்பிரிக் ஃப்ளெட்சர் போன்றவர்கள் இங்கிருந்து மாதிரிகளை அனுப்ப, அவர் அங்கிருந்தபடி பெயர்களைத் திருப்பி அனுப்பினார். நம் வயல்களின் சிற்றந்துகள் பலவற்றுக்கு விஞ்ஞான உலகில் உள்ள பெயர் ஓர் ஆங்கிலேயப் பள்ளிக்கூட வாத்தியாரின் மேஜையில் பிறந்தது.

மெய்ரிக்கைப் பற்றி எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் காலத்திலேயே மற்றவர்கள் இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் அதை ஏற்கவில்லை. இறக்கையின் நரம்பமைப்பையே கடைசிவரை நம்பினார். 1938இல் அவர் இறந்த பிறகு, லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த அவருடைய மூல மாதிரிகளை கேட்ஸ் கிளார்க் என்பவர் உட்கார்ந்து, எந்த உறுப்பை அவர் பார்க்க மறுத்தாரோ அதையும் படமெடுத்து, 1955 தொடங்கி எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார்.

முதலில் படித்தபோது மெய்ரிக்கின் மறுப்பில் ஏதோ ஒரு மரியாதை இருப்பதாக எனக்குப் பட்டது. பூச்சியின் வெளித்தோற்றத்தோடு நின்றுகொண்ட ஒரு மனிதர். உள்ளே கத்தியை விடாதவர். யோசித்துப் பார்த்தால் இது அபத்தம். அவர் முன்னால் இருந்த பூச்சிகள் எல்லாம் ஏற்கெனவே கொல்லப்பட்டு ஊசியில் குத்தப்பட்டவை. கத்தியை மறுத்ததால் ஒரு பூச்சியும் பிழைக்கவில்லை. அவருடைய மறுப்பு கருணை அல்ல, ருசி. ஒரு முறைமீது வைத்த பிடிவாதம். ருசி கருணையின் உடையைப் போட்டுக்கொண்டு நடமாட முடியும் என்பதை நான் அவரிடம் பார்த்துவிட்டேன். என்னிடம் பார்க்க இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று.

4

டூட்டா தென் அமெரிக்காவை விட்டு 2006இல் ஸ்பெயினுக்கு வந்தது. அங்கிருந்து மத்தியதரைக் கடல் ஓரமெங்கும் பரவி, ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் தக்காளியைத் தின்று, 2014இல் மகாராஷ்டிரத்திலும் பெங்களூர்ப் பகுதியிலும் கண்டறியப்பட்டது. என் சுவரில் நான் பூச்சியைப் பார்த்தது அதற்குப் பின் வந்த கோடைகளில் ஒன்று.

பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர், என்னிடம் லென்ஸ் இருக்கிறது என்று யாரோ சொல்லி, ஒரு சாயங்காலம் வந்தார். கோலார்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் புதுப் புழு ஒன்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அவர் இருட்டும்வரை காத்திருந்தார். விளக்கைப் போட்டோம். சற்று நேரத்தில் நான் முன்பு பார்த்த ஜாதிப் பூச்சி ஒன்று சுவரில் வந்து உட்கார்ந்தது. தம்ளரால் மூடி, லென்ஸை அவரிடம் கொடுத்தேன். அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமுள்ள விஷயங்களை ஒவ்வொன்றாக, மிகவும் நேர்மையாக, அவருக்கு விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார். இது அதுவா, இல்லையா?" என்றார்.

"நிச்சயமாச் சொல்ல முடியாதுங்க."

"பாத்துக்கிட்டே இருந்தா எப்படி சார்? மருந்து அடிக்கணுமா, வேணாமா? அதுல ஒண்ணு சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. அவர் போனதும் பூச்சியை விட்டுவிட்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவர் கடையில் கேட்டார். வழக்கமான காய்ப்புழுவுக்கு என்ன கொடுப்பார்களோ அதைக் கொடுத்தார்கள். நாலு நாளைக்கு ஒருமுறை அடித்தார். இலையின் இரண்டு தோல்களுக்கும் நடுவே குடைந்துகொண்டிருந்த புழுவுக்கு அது பெரும்பாலும் எட்டவில்லை. எட்டியது, செடிமேல் திரிந்த மற்ற எல்லாவற்றுக்கும். காய் பழுக்கும் சமயத்தில் காம்பை ஒட்டி ஊசி குத்தினாற்போல் துளைகள் வந்தன. ராயக்கோட்டை மண்டியில் அந்தப் பழத்தைக் கழித்துவிட்டார்கள். கடைசி இரண்டு பறிப்புக்குக் கூலி கட்டாது என்று அவர் செடியை அப்படியே விட்டார். ஆடு மேய்ந்தது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. பறிப்புக்கு வந்த ஓர் அம்மாள், அவருக்கு ஐம்பது வயதிருக்கும், வேலி ஓரமாக நின்றிருந்த என்னிடம் இரண்டு இலைகளைக் காட்டினார். ஒன்றில் பாம்பு ஊர்ந்தாற்போல் வெள்ளைக் கோடு. இது பழைய பூச்சி, எப்போதும் வருவது, கோடு போடும் என்றார். மற்றதில் கோடு இல்லை. தீய்ந்த திட்டு, அதற்குள் கறுப்புத் துகள். இது திட்டு போடுகிறது, ஒரு திட்டிலிருந்து வெளியே வந்து இன்னொரு இலைக்குள் புகுந்துகொள்கிறது, பழையது அப்படிச் செய்யாது என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. கோடு போடுவது ஒரு சிற்றீயின் புழு. திட்டுப் போட்டு, இலை மாறிப் புகுவது டூட்டாவின் வழக்கம்.

நான் இரவில் பூச்சியின் உடலில் தேடிக்கொண்டிருந்த விடையில் பாதி, பகலில் அது செய்துவிட்டுப்போன காரியத்தில் இருந்தது. உருளைக்கிழங்கு அந்தும் சில சமயம் தக்காளி இலையில் திட்டுக் குடையும் என்பதால் முழு விடை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஓர் உயிரை அறிய அதன் உடலைவிட அது வாழ்ந்த விதம் நல்ல சாட்சி என்பதை, லென்ஸ் இல்லாத ஒருவர் தெரிந்துவைத்திருந்தார். அந்தத் திட்டுள்ள இலையைப் புழுவோடு பறித்து, ஒரு போத்தலில் போட்டு, துணியால் வாய் கட்டி, பூச்சியாக வெளிவரும்வரை காத்திருந்தால் இன்னும் தெளிந்திருக்கும். ஆண் பூச்சியை மட்டும் அழைக்கும் செயற்கை வாசனையை ஒரு தட்டுத் தண்ணீருக்கு மேல் கட்டித் தொங்கவிட்டிருந்தால், வருவது எது என்று காலையில் ஓரளவு தெரிந்திருக்கும். அங்கே பூச்சி தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வந்து சாகிறது. நிச்சயத்துக்கும் அறியாமைக்கும் நடுவே இத்தனை படிகள் இருந்தன. நான் ஒன்றிலும் கால் வைக்கவில்லை. முழு நிச்சயம் இல்லாததால் அறியாமையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

5

உடைத்துப் பார்த்து அறிவது எனக்குப் புதிதல்ல. தொழிற்சாலையில் என் வேலையில் ஒரு பகுதி அதுதான். ஒரு வார்ப்பின் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா என்று வெளியிலிருந்து எப்போதும் தெரியாது. ஒரு லாட்டிலிருந்து ஒன்றை எடுத்து அறுப்போம். பற்றவைப்பு பிடித்திருக்கிறதா என்று பார்க்க, பிளந்து பார்ப்போம். அறுபட்டது நன்றாக இருந்தால் மற்றவை நன்றாக இருக்கும் என்று கையெழுத்துப் போடுவோம். நல்லது என்று நிரூபிக்கப்பட்ட அந்த ஒன்று மட்டும் கழிவுத் தொட்டிக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்கு விசித்திரமாக இருந்தது. நாளடைவில் தோன்றாமல் போயிற்று. வார்ப்புக்கு உயிரில்லை என்பது மட்டும் காரணமில்லை. ஒன்றைப் போலவே மற்றது என்று நம்பத்தான் தொழிற்சாலையே இருக்கிறது.

இதே ஊரில் இன்னொரு சோதனை உண்டு. ஓசூர் பட்டு வளர்ப்புக்குப் பெயர்போன இடம். மத்தியப் பட்டு வாரியம் பட்டுப்புழு, மல்பெரி ரகங்களைப் பேணிக் காக்கும் நிலையத்தையே இங்கேதான் வைத்திருக்கிறது. பட்டு முட்டை தயாரிக்கும் வித்தகங்களில் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இணை சேர்ந்த பெண் அந்து, பறக்கத் தெரியாதது, உணவு உண்ண வாயில்லாதது, ஓர் இரவில் நானூறு ஐந்நூறு முட்டை இடுகிறது. இட்ட பின் அந்தத் தாயை உரலில் அரைத்து, அதிலிருந்து ஒரு சொட்டை நுண்நோக்கியில் பார்க்கிறார்கள். பெப்ரின் என்ற நோயின் வித்துகள், பளபளக்கும் நீள்வட்டத் துகள்களாக, தெரிந்தால் அவள் இட்ட முட்டைகளை அழித்துவிடுவார்கள். தெரியாவிட்டால் முட்டை உழவர் வீட்டுக்குப் போகும். நோய் தாயிடமிருந்து முட்டைக்கு இறங்குவது. முட்டையைப் பார்த்து அறியமுடியாது. தாயை அழித்தே அறியமுடியும். 1865இலிருந்து ஐந்து வருஷம் பிரான்ஸின் தெற்கே பட்டுப்புழுக்களோடு போராடி லூயி பாஸ்தர் வகுத்த முறை இது. உழவருக்குப் போகும் சாதாரண வித்துக்கு இன்று மாதிரி எடுத்துப் பார்ப்பதும் உண்டு. மூல வித்துக்கு ஒவ்வொரு தாயையும் தனித்தனியே பார்த்தாக வேண்டும். இங்கே ஒன்றைப் போல மற்றது என்று நம்ப முடியாது.

இந்த முறையின் அறத்தைப் பெரிதாக்க எனக்கு ஆசையில்லை. அந்த முட்டைகளிலிருந்து வரும் புழுக்களும் கூடு கட்டியபின் வெந்துதான் சாகின்றன. ஆனாலும் இதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தாய் தன் காரியத்தை முடிக்கட்டும், பிறகு கொல். கொல்வது யாருக்காக என்று தெரிந்து கொல். கண்டதற்குக் கட்டுப்படு, முட்டையை எரிக்க நேர்ந்தாலும். அறிவதற்காகக் கொல்வதில் நியாயம் ஏதும் இருந்தால், அது இந்த மூன்றையும் விட்டுத் தனியாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

என் தம்ளருக்கு இந்த மூன்றில் எது பொருந்தியது? நான் கொல்லவில்லை, ஆகவே எந்த விதிக்கும் கட்டுப்படவில்லை.

6

இங்கே எதிர்வாதம் ஒன்று உடனே வரும். ஒரு பூச்சியை நீ விட்டாய். தெரியாமல் அடித்த மருந்தில் ஆயிரம் செத்தன. ஆகவே ஒன்றைக் கொன்றிருக்க வேண்டும் என்கிறாயா? அப்படிச் சொல்லவில்லை. சாவுகளைக் கூட்டிக் கழிக்கும் கணக்கு எதையும் நியாயப்படுத்திவிடும். இந்த நூற்றாண்டுக்கும் போன நூற்றாண்டுக்கும் அது நன்றாகத் தெரியும். நான் சொல்வது எண்ணிக்கையைப் பற்றியதல்ல. விலையை யார் கொடுத்தார்கள் என்பதைப் பற்றியது.

இரவில் உண்பதில்லை என்பது சமணர்களின் நோன்பு. இருட்டில் தெரியாமல் உணவில் விழும் பூச்சி, விளக்கேற்றினால் விளக்கில் விழும் பூச்சி, இவற்றின் உயிரை உத்தேசித்து ஏற்பட்டது. அதைச் சடங்கு என்று சொல்லித் தள்ளுவது சுலபம். அந்த நோன்பில் விலை கொடுப்பவர் யார் என்று பார்த்தால் அப்படித் தள்ளமுடியாது. நோன்பிருப்பவர் தன் பசியால் கொடுக்கிறார். தன் அறியாமையை, இருட்டில் எனக்குக் கண் தெரியாது என்பதை, ஒப்புக்கொண்டு, அதற்குரிய கட்டணத்தைத் தன் வயிற்றில் வசூலித்துக்கொள்கிறார். என் அஹிம்சைக்குக் கட்டணம் கட்டியது ஒரு குத்தகைக்காரர். மீதியைக் கட்டியது அவர் தோட்டத்துத் தேனீயும் குளவியும். என் கையில் ஒரு செதில்கூட ஒட்டவில்லை.

நம்மிடையே ஐயத்துக்கு நல்ல பெயர் உண்டு. நிச்சயம் பேசுகிறவனைப் பார்த்து நாம் சரியாகவே பயப்படுகிறோம். ஐயப்படுகிறவன் யாருக்கும் தீங்கு செய்யாதவன் என்று ஓர் எண்ணமும் கூடவே வந்துவிட்டது. இதைத்தான் நான் இப்போது நம்பவில்லை. தெரியாது என்று சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, தெரியாது, ஆகவே இன்னும் இன்னது செய்ய வேண்டும் என்பது. மற்றது, தெரியாது, ஆகவே என் பொறுப்பு இதோடு முடிந்தது என்பது. வாக்கியம் ஒன்றுதான், முதலாவது வேலையின் தொடக்கம், இரண்டாவது கதவைச் சாத்துவது. ஐயம் மதிக்கத்தக்கதாக இருப்பது, ஐயப்படுகிறவன் அதன் விலையைத் தானே கொடுக்கும்போதுதான். தூக்கமாகவோ, அலைச்சலாகவோ, சில சமயம் கையில் படும் ரத்தமாகவோ.

அடுத்த பருவத்தில் நான் ஒரு பூச்சியைப் பிடித்தேன். சிறு போத்தலில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்தேன். குளிரில் அது மெல்ல மெல்ல அசைவற்றுப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; பார்க்காமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது. பூச்சியியல் படித்த நண்பர் ஒருவர் வயிற்றைப் பிரித்தார். ஆண். நுண்நோக்கியில் அந்த உறுப்பு, விரல்போல் நீண்ட இரண்டு கைகளோடு, கண்ணாடித் துண்டில் செய்தாற்போலத் தெரிந்தது. டூட்டாதான்.

நான் தோட்டத்துக்குப் போய்ச் சொன்னேன். அவர் அந்த வருஷம் பீன்ஸ் போட்டிருந்தார். கொடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தவர், கேட்டுவிட்டு, "இப்ப எதுக்கு சார்?" என்றார். கோபமில்லை. உண்மையாகவே கேட்டார். பிறகு, தக்காளி வைத்திருக்கும் அவருடைய மச்சானிடம் சொல்லச் சொன்னார். போய்ச் சொன்னேன். திட்டு விழுந்த இலையைக் கிள்ளிப் புதைப்பது, விழுந்த காயை வயலில் விடாமல் இருப்பது, வாசனைத் தட்டு வைப்பது, பயனில்லாத மருந்தை நிறுத்துவது. அந்த அம்மாள் சொன்ன இலை அடையாளத்தையும் சொன்னேன், அவர் சொன்னது என்று சொல்லியே. அதனால் அங்கே எவ்வளவு காய் தப்பியது என்று கணக்குக் காட்டி என்னை நான் விடுவித்துக்கொள்ளப் போவதில்லை.

கண்ணாடித் துண்டை நண்பர் என்னிடமே கொடுத்துவிட்டார். அதன் ஓரத்தில் ஒட்டிய அட்டையில் ஊரும் தேதியும், டூட்டா அப்ஸலூட்டா என்ற பெயரும் என் கையெழுத்தில் இருக்கின்றன. அப்ஸலூட்டா என்றால் லத்தீனில் முழுமை பெற்றது, நிபந்தனையற்றது. 2021இல் இந்தப் பூச்சியின் உறவுமுறைகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், இது டூட்டா இல்லை, மெய்ரிக் 1917இல் வைத்தபடி ப்தோரிமேயாதான் என்று முடிவு செய்தார்கள். உருளைக்கிழங்கு அந்து இருக்கும் அதே பேரினம். இறக்கையை மட்டும் பார்த்தவர் வைத்த இடத்துக்கே, எத்தனையோ வயிறுகளைப் பிரித்த பின், திரும்பி வந்திருக்கிறார்கள். நான் ஒரு உயிரைக் கொடுத்து வாங்கிய நிச்சயத்தில் முதல் பாதி இன்று பழைய பெயர்.

அட்டையை நான் திருத்தவில்லை. அந்த இரவில் எனக்குத் தெரிந்தது அதில் இருக்கிறது. அதற்குக் கொடுத்தது பக்கத்தில், கண்ணாடிக்குள் இருக்கிறது. இப்போதெல்லாம் பார்த்து முடித்ததும் மாடி விளக்கை அணைத்துவிடுகிறேன். சுவரில் இருப்பவை கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். பிறகு, எது வானம் என்று தெரிந்ததும் போய்விடும்.